செட்டிநாட்டு வெயிலில் ஒரு வளைவுக் குடில்: அமைக்கும் முறையும் பராமரிப்பும்

குளிர்நாடுகளில் தோட்டத்துக்குள் பாலிதீன் வளைவுக் குடில் அமைப்பவர்கள், கிடைக்கும் சிறிதளவு வெப்பத்தைச் செடிகளுக்காகப் பிடித்துவைக்கவே அதை அமைக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் நமக்கு அந்தத் தேவை ஆண்டில் ஒரு நாள்கூட எழுவதில்லை. இங்கே குடில் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு: பங்குனி முதல் ஆவணி வரை வெயிலைத் தணிப்பது, ஐப்பசி முதல் மார்கழி வரை அடைமழை செடியின் மேல் நேரடியாக விழாமல் காப்பது. பூச்சியையும் மயிலையும் குரங்கையும் தடுப்பது கூடுதல் ஆதாயம். இந்த வேறுபாட்டைக் கருதாமல், இணையத்தில் காணும் வெளிநாட்டு மாதிரியை அப்படியே எழுப்பி நான்கு பக்கமும் பாலிதீனால் மூடினால், சித்திரை மாதத்தில் அதற்குள் மனிதரே நிற்க முடியாது. தக்காளிச் செடியோ நின்றாலும் காய்க்காது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் விவரிக்கப்படும் குடிலுக்குச் சட்டகம் ஒன்று, கூரை உறைகள் இரண்டு. மழைக்காலத்தில் பாலிதீன் தாள் மேலே இருக்கும். வெயில்காலத்தில் அதைக் கழற்றிவிட்டு நிழல்வலையைப் போட வேண்டும். பக்கவாட்டில் ஆண்டு முழுவதும் பூச்சித் தடுப்பு வலை இருக்கும். ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு 12 அடி அகலமும் 30 அடி நீளமும் போதும். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. அதைச் சட்டகம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை காண வேண்டும். தினமும் காலையில் அரை மணி நேரம் குடிலுக்குள் செலவிட வீட்டில் ஆள் இருக்கிறாரா? செட்டிநாட்டில் பல பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, காவலுக்கு ஒருவர் மட்டும் இருப்பார். திருவிழாவுக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் ஊருக்கு வருபவர்களுக்குக் குடில் பொருந்தாது. அவர்கள் மாவும் சப்போட்டாவும் நடுவது நல்லது.

இடமும் திசையும்

பின்கட்டுக்குப் பின்னே உள்ள திறந்த நிலம் பொதுவாக இதற்கு ஏற்றது. நமது அட்சரேகையில் குடிலின் நீளம் வடக்கு தெற்காக அமைவது நன்று. அப்போது சூரியன் கிழக்கிலிருந்து மேற்காக நகரும்போது சட்டகத்தின் நிழலும் செடிகளின் நிழலும் ஒரே இடத்தில் தங்காமல் நகர்ந்து செல்லும். ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால், அது நீண்ட பக்கத்து வலை வழியே உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறும். ஒளிக்கும் காற்றுக்கும் ஒரே திசை பொருந்தி வருவது நமக்கு வாய்ப்பான செய்தி. வாசலைத் தெற்கு முனையில் வைக்க வேண்டும். வடக்கில் வைத்தால் வடகிழக்குப் பருவமழையின் சாரல் நேராக உள்ளே அடிக்கும்.

மதிற்சுவரை ஒட்டிக் குடில் அமைக்கக் கூடாது. சுவர் காற்றைத் தடுப்பதோடு, பகலில் வாங்கிய வெப்பத்தை மாலை முழுவதும் வெளிவிட்டுக்கொண்டிருக்கும். குறைந்தது 6 அடி இடைவெளி வேண்டும். மேற்குப் பக்கம் திறந்த வெளியாக இருந்தால் 10 அடி தள்ளி அகத்தியை வரிசையாக நடலாம். அது விரைவில் வளர்ந்து பிற்பகல் வெயிலை உடைக்கும், ஆனால் காற்றை முற்றிலும் மறைக்காது. தென்னைக்கும் வேம்புக்கும் அடியில் இடம் தேட வேண்டாம். மட்டை ஒன்று விழுந்தால் தாள் கிழியும். வேம்பின் வேரோ பாத்திக்குள் வந்துவிடும்.

இந்த வட்டாரத்து மண் பெரும்பாலும் செம்மண், பல இடங்களில் சரளை. ஓரிரு அடிக்குக் கீழே செம்புறாங்கல் பாறை தென்படுவதும் உண்டு. எனவே இடத்தை முடிவு செய்யும் முன் நான்கு மூலைகளிலும் கடப்பாரையால் 2 அடி ஆழம் தோண்டிப் பார்த்துவிட வேண்டும். அதே நாளில் மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுக்கு அனுப்பிவிடலாம். ஐயங்களுக்குக் குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால், அது பின்னால் சொட்டுநீர்க் குழாயை அடைப்பது முதல் இலை கருகுவது வரை எல்லாவற்றிலும் குறுக்கிடும் என்பதால், பணத்தைச் செலவிடும் முன் இந்த விவரம் கையில் இருக்க வேண்டும்.

சட்டகம்

ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் 20 அடி நீளத்தில் விற்கப்படுகின்றன. 12 அடி விட்டமுள்ள அரைவட்டத்தின் வளைவு நீளம் ஏறத்தாழ 19 அடி. இரு முனைகளிலும் அரை அடி வீதம், தரையில் ஊன்றி நிறுத்தும் அடிக்குழாய்க்குள் செருகுவதற்கு விட்டால் ஒரு குழாய் மிச்சமின்றிச் சரியாகப் போய்விடும். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. 12 அடி அகலத்தைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

வாங்க வேண்டிய குழாய்கள் வருமாறு. வளைவுகளுக்கு ஓரங்குலக் குழாய் 7. அவற்றை 5 அடிக்கு ஒன்றாக நிறுத்தினால் 30 அடி நீளம் வரும். அடிக்குழாய்களுக்கு ஒன்றேகால் அங்குலக் குழாய் 3. ஒவ்வொன்றையும் 4 அடித் துண்டுகளாக வெட்டினால் 15 துண்டுகள் கிடைக்கும், தேவை 14. நீளவாட்டில் இணைக்க முக்கால் அங்குலக் குழாய் 5. மூலைச் சாய்வுத் தாங்கிகளுக்கும் வாசல் நிலைக்கும் தனியாக 4 குழாய்கள் வாங்கிக்கொள்ளலாம். குழாய் வாங்கும்போது ‘பி கிளாஸ்’ (நடுத்தரத் தடிமன்) என்று கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய குழாய் வளைக்கும்போதே நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தில்தான் அடுத்த காற்றில் மடங்கும்.

வளைப்பதை வீட்டில் முயல வேண்டாம். குழாய் வளைக்கும் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்து, ஏழு வளைவுகளையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, அனைத்தும் ஒரே வடிவில் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகே எடுத்துவர வேண்டும். ஒன்று இரண்டு அங்குலம் மாறியிருந்தாலும் அந்த இடத்தில் தாள் தொங்கும், தொங்கும் இடத்தில் மழைநீர் தேங்கும், தேங்கிய நீரின் எடை தாளைப் பிய்க்கும்.

தரையில் முளையடித்துக் கயிறு கட்டி 12 க்கு 30 அடி செவ்வகம் குறிக்க வேண்டும். மூலைகள் நேராக உள்ளனவா என்பதை அறிய, எதிர் மூலைகளுக்கு இடையே அளந்து பார்க்கலாம். இரு குறுக்களவுகளும் 32 அடி 4 அங்குலமாக இருந்தால் செவ்வகம் சரி. பிறகு நீண்ட பக்கங்களில் 5 அடிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு 7 குழிகள், ஒவ்வொன்றும் முக்கால் அடிச் சதுரத்தில் 2 அடி ஆழம் தோண்ட வேண்டும். அடிக்குழாயின் கீழ் முனையில் துளையிட்டு ஒரு சாண் நீளக் கம்பியைக் குறுக்கே செருகிவிட்டால், காற்று சட்டகத்தை மேல்நோக்கி இழுக்கும்போது குழாய் கான்கிரீட்டிலிருந்து உருவி வராது. குடில்கள் காற்றால் சாய்வதைவிட மேலே தூக்கப்பட்டே பெரும்பாலும் சேதமடைகின்றன என்பதால், இந்தக் கம்பியை விட்டுவிடக் கூடாது. சிமெண்டு, மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கான்கிரீட் இட்டு, குழாய் 2 அடி வெளியே நிற்குமாறு தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, எல்லாக் குழாய்த் தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு நாள்கள் நீராற்றிய பிறகே வளைவுகளை ஏற்ற வேண்டும்.

முதலில் இரு முனை வளைவுகளைச் செருகி, உச்சிக்கு உச்சி நூல் கட்டிக்கொண்டு, அந்த நூலுக்கு ஏற்ப இடையில் உள்ளவற்றை நிறுத்த வேண்டும். அடிக்குழாயையும் வளைவையும் சேர்த்துத் துளையிட்டு ஆணியும் நட்டும் போட்டு இறுக்கலாம். நடு உயரம் 8 அடி வரும். தலை இடிக்காமல் நடமாடலாம். நீளவாட்டுக் குழாய்கள் மூன்று: ஒன்று உச்சியில், மற்ற இரண்டும் இரு பக்கங்களிலும் தரையிலிருந்து 4 அடி உயரத்தில். நான்கு மூலைகளிலும் முனை வளைவிலிருந்து அடுத்த அடிக்குழாயின் அடிக்குச் சாய்வுத் தாங்கி கொடுக்க வேண்டும். இணைப்புகளுக்கு வெல்டிங்கைவிட கிளாம்பு நல்லது. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து துருப்பிடிக்கும். தவிர்க்க முடியாத இடங்களில் துத்தநாகப் பிரைமர் பூசிவிட வேண்டும். தாள் தொடும் மேற்பகுதிகளில் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது அவசியம். வெயிலில் சூடேறிய இரும்பு தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில்தான் தாள் முதலில் பொடிந்து கிழிகிறது.

உறைகள்

4 அடி உயரத்து நீளக்குழாய்களிலும் இரு முனை வளைவுகளிலும் அலுமினியப் பட்டையைத் திருகாணியால் பொருத்த வேண்டும். அதன் பள்ளத்துக்குள் நெளிவுக் கம்பியை அழுத்தினால் தாளோ வலையோ இறுகப் பிடித்துக்கொள்ளும். கம்பியை உருவினால் கழன்றுவிடும். ஆண்டுக்கு இரு முறை உறை மாற்றும் இந்த முறை இந்தப் பட்டை இருந்தால்தான் நடைமுறையில் சாத்தியம். ஆணியும் கட்டுக்கம்பியும் மலிவு என்று அவற்றை நாடுபவர்கள், முதல் முறை கழற்றும்போதே தாளைக் கிழித்துவிடுவார்கள்.

பக்கவாட்டில் 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) பூச்சித் தடுப்பு வலையைத் தரையிலிருந்து 4 அடி வரை கட்டி, கீழே ஓர் அடியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும்; மேலே அரை அடி பட்டைக்குள் போகும். இரு முனைச் சுவர்களுக்கும் உச்சி வரை இதே வலைதான். வெப்பக் காற்று மேலெழுந்து முனைகளின் உச்சி வழியே வெளியேற வேண்டும் என்பதால் அங்கே தாள் போடக் கூடாது. வலையின் கண் சிறுத்தால் பூச்சி குறையும், காற்றும் குறையும். வெள்ளை ஈயை முற்றிலும் தடுக்க 50 மெஷ் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் புழுக்கத்துக்கு 40 மெஷ்ஷும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் சேர்ந்த ஏற்பாட்டையே நான் பரிந்துரைப்பேன்.

கூரைக்கு இரு பட்டைகளுக்கும் இடையே 15 அடி வளைவு இருக்கிறது. ஓரங்களையும் சேர்த்து 16 அடி அகலமும் 32 அடி நீளமும் உள்ள, புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தடிமனுள்ள தாள் போதும். சாதாரண கட்டடப் பாலிதீன் ஒரு கோடையைக்கூடத் தாங்காது. தாளின் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு விரிக்க வேண்டும். காலை வெயில் ஏறித் தாள் சற்றுச் சூடான பிறகு, காற்று எழுவதற்கு முன்னால், நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் பொருத்தினால் அது தொய்வில்லாமல் நிற்கும்.

நிழல்வலையில் 35, 50, 75 விழுக்காடு என வகைகள் உண்டு. கடையில் ‘வெயில் அதிகம், எழுபத்தைந்தே போடுங்கள்’ என்பார்கள். கீரைக்கும் நாற்றுக்கும் 50 போதும். 75 விழுக்காட்டு வலை நிழலில் வாழும் அலங்காரச் செடிகளுக்கு உரியது, அதற்கடியில் காய்கறி ஒல்லியாக நெடுத்துச் சாயும். வலை பெரும்பாலும் 10 அடி அகலத்தில் கிடைப்பதால், இரு துண்டுகளை நீளவாட்டில் விரித்து உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கட்டிக்கொள்ளலாம். தைத்துவிட வேண்டாம், தனித்தனியாக இருந்தால் ஒரு பாதியை மட்டும் சுருட்ட முடியும். அதன் பயன் கத்திரி வெயிலில் தெரியும்.

பாத்தியும் நீரும்

12 அடி அகலத்தை இரு ஓரங்களிலும் இரண்டரை அடிப் பாத்தி, நடுவில் 3 அடிப் பாத்தி, இடையே 2 அடி நடைபாதை இரண்டு எனப் பிரித்தால் எந்தச் செடியையும் மண்ணை மிதிக்காமல் எட்டலாம். நம் செம்மண்ணில் மக்கு மிகக் குறைவு. மழை பட்டுக் காய்ந்தால் மேற்பரப்பு ஓடாக இறுகும். 100 சதுர அடிக்கு 25 கிலோ மக்கிய தொழு உரமும் 2 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இட்டு ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். மக்காத சாணத்தைக் குடிலுக்குள் கொண்டுவரவே கூடாது. அது சூட்டைக் கிளப்புவதோடு வேரையும் பொசுக்கும். மழைக்காலப் பாத்தி நடைபாதையைவிட அரை அடி உயர்ந்தும், வெயில்காலப் பாத்தி நீர் ஓடிவிடாதபடி தரைமட்டத்திலும் இருக்கலாம்.

பாத்திக்கு இரண்டு வீதம் ஆறு சொட்டுநீர்க் குழாய்கள், 16 மி.மீ. அளவில், ஓர் அடிக்கு ஒரு சொட்டுவாயுடன் போதும். கோடையில் கீரைக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 லிட்டர் தேவைப்படும். மூன்று பாத்திக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 லிட்டர். சொட்டுவாயில் ‘மணிக்கு 2 லிட்டர்’ என்று குறித்திருப்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்துக்கான கணக்கு. 10 அடி உயரத் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு அந்த அழுத்தம் கிடையாது. ஆகவே ஒரு டம்ளரைச் சொட்டுவாயின் கீழே வைத்துப் பத்து நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து, அதற்கேற்ப நேரத்தை நிர்ணயிக்க வேண்டும். நீரைக் காலையில் பாதி, மாலையில் பாதி எனப் பிரித்து விடுவது சரளை மண்ணுக்கு ஏற்றது.

வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவி, குழாய்களின் கடைமுனையைத் திறந்து கசடு போகும்வரை நீரை ஓடவிட வேண்டும். உப்பு படிந்து சொட்டுவாயில் வெள்ளை பூத்தால், வல்லுநரிடம் அளவு கேட்டு அமிலக் கரைசல் விடலாம். பனித்துளி போல் நீர் தூவும் கருவியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். உப்புநீர் உள்ளவர்கள் அதைப் பொருத்தினால் இலையெல்லாம் வெள்ளைப் படலம் படியும்.

உப்புக்கு நல்ல மாற்று கூரையிலேயே இருக்கிறது. முற்றத்தில் விழும் கூரைநீரைக் கிடாரங்களில் பிடித்துவைத்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தாள் போட்ட இந்தக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 300 லிட்டர் விழுகிறது. அது மூன்று நாள் கோடைப் பாசனத்துக்குச் சமம். 4 அடி உயரத்து நீளக்குழாயின் கீழ், பாதியாகப் பிளந்த பி.வி.சி. குழாயைச் சற்றுச் சரிவாகக் கட்டி, மூடிய தொட்டிக்குக் கொண்டுசேர்த்தால் நாற்றுகளுக்கும் மருந்து கரைப்பதற்கும் நல்ல நீர் கிடைக்கும்.

ஆண்டுச் சுழற்சி

புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் முன், தாளைப் போட்டுவிட வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரையே குடிலின் நல்ல காலம். வெளியே மழையில் தக்காளி அழுகிக்கொண்டிருக்கும்போது உள்ளே காய்ப்பு நடக்கும். மிளகாய், கத்திரி நாற்றுகளும் தப்பிக்கும். இக்காலத்தில் கவனிக்க வேண்டியது நாற்றழுகல் நோய். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவோடு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைப்பதும், மேகமூட்டமான நாளில் நீரைக் குறைப்பதும் அதைத் தடுக்கும். வலைக்குள் காற்று குறைவு என்பதால், தக்காளி பூத்ததும் தாங்குகயிறுகளைக் காலை நேரத்தில் தட்டிவிட வேண்டும்; மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பாகல், பீர்க்கு, சுரை, புடல் ஆகியவற்றைக் குடிலுக்குள் ஏற்ற வேண்டாம். அவற்றுக்கு வண்டு வர வேண்டும். வலை வண்டை விடாது. ஆசைப்பட்டு ஏற்றியவர்கள் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவியாக வேண்டும். அதுவும் பாகலுக்குக் காலையில், பீர்க்குக்கும் சுரைக்கும் அந்தி நேரத்தில்.

மாசி முடியும்போது தாளைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, குழாயில் சுற்றி, எலி புகாத அறையில் வைக்க வேண்டும். கழற்றிவைக்கும் மாதங்களில் வெயில் படாததால் தாளின் ஆயுள் கூடுகிறது. பிறகு நிழல்வலை. இந்த வலையின் கண் வழியே வெள்ளை ஈ தாராளமாக நுழையும். இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவரும். ஆகவே கோடையில் தக்காளியை மறந்துவிட்டு, கொத்தமல்லி, புதினா, பாலக், சிறுகீரை என்று போக வேண்டும். வெளியே கொத்தமல்லி முளைக்கத் திணறும் மாதங்களில் நிழல்வலைக்குள் அது நன்றாக வரும்; சந்தையில் அதன் விலை ஏறுவதும் அப்போதுதான். ஆனியில் ஆடிப்பட்டத்துக்கான நாற்றுகளை இங்கேயே வளர்க்கலாம்.

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையிலான கத்திரி வெயிலையும் வீணாக்க வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பயிரிடுவதால் குடில் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். ஒரு பக்கத்து வலையைச் சுருட்டி, அந்தப் பாத்தியை நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலிதீனை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். கருப்புத் தாள் இதற்கு உதவாது. வெயில் ஊடுருவி மண்ணைச் சுட வேண்டும். அடுத்த ஆண்டு மறுபக்கம். பாத்தி ஓரங்களில் செண்டுமல்லி வைப்பதும் நூற்புழுவைக் குறைக்கும்.

தினமும் வாரமும் பார்க்க வேண்டியவை

செடியின் உயரத்தில் நேரடி வெயில் படாமல் ஒரு வெப்பமானியும், அதே போன்ற இன்னொன்றை வெளியே நிழலிலும் தொங்கவிட வேண்டும். நண்பகலில் உள்ளே வெளியைவிட 3 டிகிரிக்கு மேல் கூடினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் பக்கவலையில் செம்மண் புழுதி அடைத்திருக்கும்; உள்ளிருந்து வெளியே நீரைப் பீய்ச்சிக் கழுவினால் சரியாகும். தாளைத் துணியும் சோப்பு நீரும் கொண்டு துடைக்க வேண்டும், பிரஷ் ஆகாது. சிறு கிழிசலை அன்றைக்கே, குடிலுக்கென்று விற்கும் ஒட்டுநாடாவால் இருபுறமும் ஒட்ட வேண்டும்.

இலையின் அடிப்புறத்தை வாரம் இரு முறை திருப்பிப் பார்க்க வேண்டும். வறண்ட மாதங்களில் செஞ்சிலந்தி, அசுவினி, மாவுப்பூச்சி அங்கேதான் தொடங்கும். தொடக்கத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். நண்பகலில் தெளித்தால் இலை கருகும். வாசலைத் திறந்துபோட்டுவிட்டு மருந்தை நம்புவதில் பயனில்லை. வாசலுக்கு உள்ளே இன்னொரு வலைத்திரை தொங்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தாளைக் கழற்றிவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டம் முழுவதையும் புரட்டிப்போட்டு நம் பக்கமும் வந்தது. கடலிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்ற எண்ணம் உதவாது. நெளிவுக் கம்பிகளை உருவி, இருவர் தாளைச் சுருட்ட அரை மணி நேரம் போதும். சட்டகத்துக்குக் காற்று பிடிக்க எதுவும் இல்லாமல் போகும். பயிர் நனைந்தாலும் குடில் நிற்கும். கழற்ற ஆள் இல்லாதபோது வாசலையும் பக்கவலைகளையும் அவிழ்த்துவிட்டு, காற்று நுழைந்த வேகத்தில் வெளியேற வழி செய்ய வேண்டும். ஆண்டுதோறும் ஆவணியில் எல்லா நட்டுகளையும் இறுக்கிப் பார்த்து, தளர்ந்த நெளிவுக் கம்பிகளை மாற்றி, துருப்பிடித்த இடங்களைத் தேய்த்துப் பூசிவிட்டால் அந்தப் பருவத்துக்குச் சட்டகம் தயார்.

கண்ணாடி போல் இருந்த தாள் பழுப்பேறி, கையால் மடக்கும்போது வெடிப்பொலி கேட்டால் அதன் காலம் முடிந்தது. கூரையிலிருந்து எடுத்த பிறகும், முழுதாக உள்ள பகுதிகள் மக்குக்குழியை மூடவும் விறகை நனையாமல் காக்கவும் உதவும். கந்தலானதை எரிக்காமல் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் எடைக்குப் போடலாம்; பொடிந்து உதிரும் வரை கூரையிலேயே விட்டுவைத்தால் துணுக்குகள் பாத்தி மண்ணில் கலந்து, பிறகு பொறுக்கி எடுக்கவே முடியாமல் போகும்.